எட்டு ரூபாயில் படித்தவர் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் கேட்டார்
கோபால கிருஷ்ண கோகலேயின் வாழ்க்கை வரலாறு

அந்தேரி ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. கோகலே பாலம் என்று பெயர். 2018-ம் ஆண்டு ஜூலை மாதம் அதன் ஒரு பகுதி இடிந்து தண்டவாளத்தில் விழுந்தபோது நாடு முழுவதும் அந்தப் பெயர் அடிபட்டது. பிறகு பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாலம் கட்டினார்கள். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அதைத் தாண்டிப் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்குக் கோகலே யார் என்று தெரியும்? காந்திஜியின் அரசியல் குரு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்போம். அதோடு சரி.

அவருக்கும் நமக்கும் அதைவிட நெருக்கமான சம்பந்தம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் சம்பளம் கட்டாமல் படிக்கிறது. பள்ளிக்கு அனுப்பாவிட்டால் ஆசிரியர் வீடு தேடி வந்து கேட்கிறார். இது இயற்கையாக வந்த ஏற்பாடு அல்ல. பள்ளிக்கூடம் வைப்பது அரசாங்கத்தின் பொறுப்பு, பிள்ளையை அனுப்புவது பெற்றவரின் பொறுப்பு, ஏழைக்குச் சம்பளம் கூடாது என்று இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் கேட்டு, வைசிராயின் சட்டசபையில் முதன்முதலில் மசோதா கொண்டுவந்தவர் கோகலே. அந்த மசோதா தோற்றது. ஆனால் அன்று அங்கே நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

அண்ணன் அனுப்பிய பணம்

கொங்கணக் கடற்கரையில் ரத்னகிரி மாவட்டம். அங்கே கோத்லுக் என்ற சிற்றூரில் 1866-ம் ஆண்டு மே மாதம் 9-ந்தேதி கோபால் பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணராவ். கோலாப்பூருக்கு அருகே உள்ள காகல் என்ற சிறிய சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பிறகு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். சாதியில் பிராமணர்கள்தான், ஆனால் கையில் காசு கிடையாது.

1879-ல் கிருஷ்ணராவ் காலமானார். கோபாலுக்கு அப்போது வயது 13. அண்ணன் கோவிந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 15 ரூபாய். அதில் 8 ரூபாயைக் கோலாப்பூரில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு அனுப்பினார். மீதி 7 ரூபாயில் குடும்பம் நடந்தது.

ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். சம்பளத்தில் பாதிக்கு மேல் தம்பியின் படிப்புக்கே போயிற்று. தம்பியும் அதை உணர்ந்து நடந்தார். தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். விளக்கெண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கத் தெருவிளக்கின் கீழே படித்தார் என்றும் சொல்வார்கள்.

1881-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். இனி அண்ணனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது, வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். அண்ணியார் சம்மதிக்கவில்லை. தம் நகைகளை விற்றாவது கொழுந்தனைப் படிக்கவைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் உறுதியாக நின்றார். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி, பூனா டெக்கான் கல்லூரி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி என்று மூன்று கல்லூரிகளில் படித்து, 1884-ம் ஆண்டு 18-வது வயதில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவருக்குச் சர்க்கார் உத்தியோகம் கதவைத் திறந்து வைத்திருந்தது. கோகலே வாத்தியார் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

எழுபத்தைந்து ரூபாய்க்கு இருபது ஆண்டு

பூனாவில் திலகர், அகர்கர் முதலிய இளைஞர்கள் அரசாங்கத்தை நம்பாமல் தாங்களே ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார்கள். நியூ இங்கிலீஷ் ஸ்கூல் என்று பெயர். 1885-ல் கோகலே அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். சம்பளம் 35 ரூபாய். அதே ஆண்டில் அவர்களுடைய டெக்கான் கல்விச் சங்கம் பெர்குசன் கல்லூரியைத் தொடங்கியது. மறு ஆண்டு கோகலே சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஆனார். மாதம் 75 ரூபாய் வாங்கிக்கொண்டு 20 ஆண்டு உழைக்க வேண்டும் என்பது அதன் விதி.

கணிதம் நடத்தினார். ஆங்கிலம் நடத்தினார். சரித்திரமும் பொருளாதாரமும் நடத்தினார். எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லையோ அந்தப் பாடம் அவர் தலையில் விழும். அவர் எழுதிய அங்ககணித நூல் பல பள்ளிகளில் பாடப்புத்தகமாக இருந்தது. விடுமுறையிலும் ஓய்வில்லை. கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டு ஊர் ஊராக அலைந்தார்.

திலகரோடு கருத்து வேற்றுமை தொடங்கியது இங்கேதான். ஆயுள் உறுப்பினர்கள் வெளியே வேறு வருமானம் தேடக் கூடாது, வேறு பொறுப்புகளில் சக்தியைச் செலவிடக் கூடாது என்பது திலகரின் கட்சி. கோகலேயும் நண்பர்களும் அவ்வளவு கடுமை வேண்டாம் என்றார்கள். கோகலே சார்வஜனிக் சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்றதும் பூசல் முற்றியது. 1890-ல் திலகர் விலகினார். பின்னாளில் மிதவாதி, தீவிரவாதி என்று காங்கிரசே இரண்டாகப் பிரிந்ததற்கு ஒரு விதை அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் விழுந்தது எனலாம்.

கோகலேக்குக் குரு மகாதேவ கோவிந்த ரானடே. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். புள்ளிவிவரம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது என்ற பழக்கத்தைக் கோகலே அவரிடம் கற்றார். அரசாங்க அறிக்கைகளை வரி விடாமல் படிப்பார். ஒரு மனு எழுத வேண்டுமென்றால் பல முறை திருத்தி எழுத வேண்டியிருக்கும். ரானடே 1901-ல் மறைந்தார். அவர் தந்த பயிற்சி கடைசிவரை கோகலேக்குத் துணை நின்றது.

உப்பு வரி குறைந்தது

1902-ல் கோகலே கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷன் மாதம் 30 ரூபாய். அதே ஆண்டில் வைசிராயின் சட்டசபைக்கு உறுப்பினராகப் போனார். கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலம். பட்ஜெட்டில் கோடிக்கணக்கில் மிச்சம் காட்டி, நாடு செழிப்பாக இருக்கிறது என்று அரசாங்கம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. கோகலே தமது முதல் பட்ஜெட் பேச்சிலேயே அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். மிச்சம் வந்தது மக்கள் செழிப்பினால் அல்ல. ரூபாயின் மதிப்பை உயர்த்தியதாலும், தேவைக்குமேல் வரி வாங்கியதாலும் வந்தது என்று நிரூபித்தார். உப்பு வரியைக் குறையுங்கள், மிச்சப் பணத்தைப் படிப்புக்குச் செலவிடுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்டார்.

மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903-ல் 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. கஞ்சிக்கு உப்பு போட்டுக் குடித்த ஏழைக்கு இது கண்ணுக்குத் தெரிந்த லாபம்.

1905-ல் இந்திய ஊழியர் சங்கத்தைப் பூனாவில் தொடங்கினார். படித்தவர்கள் சொற்ப ஊதியத்தில் நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே ஆண்டு காசியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அப்போது வயது 39.

இந்தச் சங்கத்தில் 1907-ல் ஒரு தமிழர் சேர்ந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கோகலேயின் பின்னால் வந்தார். குருவுக்குப் பிறகு சங்கத்தின் தலைவர் ஆனவரும் அவரே.

கைநாட்டின் விலை

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1911-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்தான்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் தமிழ் மக்களின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. தஞ்சை, தென்னார்க்காடு, வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். ஐந்து ஆண்டு அடிமை வேலைக்கான அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர். 1910 பிப்ரவரியில் கோகலே இதைச் சட்டசபையில் எழுப்பினார். நேட்டாலுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்ற அவருடைய தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றது. 1911 ஜூலை முதல் அது நின்றது.

அந்தத் தீர்மானம் வந்த அடுத்த மாதமே, 1910 மார்ச்சில், அவர் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். நாடு முழுவதும் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் வேலையைத் தொடங்க வேண்டும், அதற்குத் திட்டம் போட ஒரு கமிஷன் வேண்டும் என்றார். யோசிப்பதாக அரசாங்கம் வாக்களித்தது. கோகலே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டு நவம்பரில் கல்விக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. கட்டாயக் கல்வியைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

மசோதாவில் இருந்தது என்ன?

1911 மார்ச் 16-ந்தேதி கோகலே தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1870, 1876-ம் ஆண்டுகளிலும், அயர்லாந்தில் 1892-லும் வந்த சட்டங்களைப் பார்த்து எழுதியது. அதன் சாரம் இது:

நாடு முழுவதும் ஒரே நாளில் கட்டாயம் கிடையாது. ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற ஊர்களில், அந்த ஊர் நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பினால், அரசாங்கத்தின் அனுமதி பெற்று, கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம். முதலில் 6 வயது முதல் 10 வயது வரை உள்ள ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண் பிள்ளைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதில் சட்டம் தலையிடாது. அங்கீகாரம் பெற்ற பள்ளியாக இருந்தால் போதும். நோய், வீட்டில் தவிர்க்க முடியாத தேவை, அறுவடை போன்ற பருவ வேலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பள்ளிக்குப் போக வேண்டிய பையனை வேலைக்கு வைத்துக்கொள்கிற முதலாளிக்கு அபராதம் உண்டு. மாத வருமானம் 10 ரூபாய்க்குக் கீழே உள்ள பெற்றோர் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை.

செலவு? ஆண் பிள்ளைகளுக்குத் திட்டம் முழுமையாக நடைபெறும்போது ஆண்டுக்கு நாலரைக் கோடி ரூபாய் ஆகும் என்று கணக்குக் கொடுத்தார். மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும், ஒரு பங்கை ஊராட்சிகளும் ஏற்க வேண்டும். பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்யலாம். பணம் போதாவிட்டால் இறக்குமதிச் சரக்குகளின் சுங்க வரியை நூற்றுக்கு 5-லிருந்து ஏழரையாக உயர்த்தலாம் என்றும் வழி சொன்னார்.

வெறும் கனவு அல்ல என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருந்தது. பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் 1893-ல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906-ல் சமஸ்தானம் முழுவதற்கும் விரித்திருந்தார். ஒரு சமஸ்தானத்தால் முடிந்தது இந்திய சர்க்காரால் முடியாதா என்பதுதான் கோகலேயின் கேள்வி.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள்

மசோதா நாடெங்கும் கருத்துக் கேட்க அனுப்பப்பட்டது. காங்கிரஸ் ஆதரித்தது. பல ஊர்களில் கூட்டங்கள் நடந்தன. எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் எல்லாரையும் கல்விக்கு விரோதிகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. நாலு தரப்பு இருந்தது.

முதல் தரப்பு அரசாங்கம். கல்வி இலாகாவின் பொறுப்பில் இருந்தவர் ஹார்கோர்ட் பட்லர். படிப்பு வளர வேண்டும் என்பதில் அவருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் வலுக்கட்டாயம் வேண்டாம். விரும்பி வருகிறவர்களுக்கே இன்னும் பள்ளி போதவில்லை. முதலில் கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். மாகாண அரசாங்கங்களும் விரும்பவில்லை என்பது அவர் கட்சி. இதற்குக் கோகலே சொன்ன பதில் எளியது. எந்த நாட்டிலும் தானாக வளரட்டும் என்று விட்ட இடத்தில் ஏழையின் பிள்ளை பள்ளிக்கு வந்ததில்லை. சட்டம் வந்த பிறகே பள்ளிகள் பெருகின.

இரண்டாவது தரப்பு நிலச்சுவான்தார்களும் முதலாளிகளும். மாடு மேய்க்கவும் வயலில் வேலை செய்யவும் சிறுவர்கள் கிடைக்கமாட்டார்கள், கூலி உயர்ந்துவிடும், படித்த கூலிக்காரன் பணியமாட்டான் என்று அஞ்சினார்கள். இந்த அச்சம் நியாயமானதல்ல. ஆனால் பொய்யும் அல்ல. படித்தவனைப் பழையபடி வேலை வாங்க முடியாது என்பது உண்மைதானே!

மூன்றாவது தரப்பு வரி கட்டுகிறவர்கள். ஊராட்சிகள் கல்வி வரி போட மசோதா இடம் கொடுத்தது. ஏற்கெனவே வரிச்சுமை தாங்கவில்லை, இன்னொரு வரியா என்று கேட்டார்கள். ஏழைத் தகப்பனுக்கு அபராதம் போடுவதும் பலருக்குப் பிடிக்கவில்லை. பையன் கொண்டுவரும் இரண்டு அணாவும் போய், அபராதமும் கட்ட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அல்ல. சம்பளச் சலுகையும் பருவ வேலை விலக்கும் மசோதாவில் இருந்ததற்குக் காரணமும் இதுவே.

நாலாவது தரப்பு முஸ்லிம்களில் ஒரு பகுதியினர். கட்டாயப் பள்ளியில் தங்கள் பிள்ளைகள் தங்களுக்கு உரியதல்லாத மொழியைப் படிக்க நேருமே, உருது என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். கோகலே இதை அலட்சியம் செய்யவில்லை. ஒரு மொழி பேசும் பிள்ளைகள் 25 பேர் ஒரு பள்ளியில் இருந்தால் அவர்களுக்கு அந்த மொழியிலேயே கற்பிக்க ஏற்பாடு வேண்டும். 25-க்குக் குறைந்தால் கட்டாயத்துக்கு உட்படுவதா வேண்டாமா என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யட்டும் என்று வழி காட்டினார். வெளி மாநிலத்தில் பிழைக்கிற நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். தாய்மொழி வேறாக இருக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு 1912-லேயே அவர் எண்ணிக்கை போட்டு நியாயம் பேசினார்.

பதின்மூன்று ஓட்டு

1912 மார்ச்சில் மசோதா விவாதத்துக்கு வந்தது. இரண்டு நாள் பேச்சு. மசோதாவை உடனே சட்டமாக்கும்படி கோகலே கேட்கவில்லை. ஒரு தேர்வுக் கமிட்டிக்கு அனுப்புங்கள், குறைகளைத் திருத்தலாம் என்றுதான் கேட்டார். மதன் மோகன் மாளவியா ஆதரித்தார். முகமது அலி ஜின்னா ஆதரித்துப் பேசினார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 13. எதிர்ப்பு 38. சட்டசபையில் அரசாங்க அதிகாரிகளே அதிக எண்ணிக்கையில் உட்கார்ந்திருந்த காலம். முடிவு என்ன ஆகும் என்று கோகலேக்கு முன்கூட்டியே தெரியும். அவர் மனம் தளரவில்லை. தம்முடைய தலைமுறை தோல்விகளின் மூலம்தான் நாட்டுக்கு உழைக்க முடியும். வெற்றி பின்னால் வருகிறவர்களுக்கு என்ற நம்பிக்கையோடு அவர் பேச்சை முடித்தார்.

கோகலேயின் திட்டத்தில் ஒரு பலவீனம் இருந்ததையும் சொல்ல வேண்டும். சட்டத்தை அமல் செய்வதா இல்லையா என்பதை ஊராட்சிகளின் விருப்பத்துக்கு விட்டிருந்தார். அன்றைய ஜில்லா போர்டுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், நிலக்காரர்கள். அவர்களாக முன்வந்து கூலிக்காரன் பிள்ளைக்காக வரி போடுவார்களா? பெண் பிள்ளைகளையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். அரசாங்கத்தைச் சம்மதிக்கவைக்கக் கோரிக்கையைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். சுருக்கியும் அது கிடைக்கவில்லை.

தென் ஆப்பிரிக்காவும் கடைசி நாட்களும்

அதே 1912 அக்டோபரில், உடம்பு சரியில்லாத நிலையிலும், காந்திஜியின் அழைப்பை ஏற்றுத் தென் ஆப்பிரிக்கா சென்றார். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியத் தொழிலாளிகளின் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர். அதை நீக்க வேண்டும் என்று அங்குள்ள மந்திரிகளிடம் வாதாடினார். 1913-ல் நேட்டாலில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தியாவில் ஊர் ஊராக நிதி திரட்டி அனுப்பினார். 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

அரசாங்கம் சர் பட்டம் கொடுக்க முன்வந்தது. கோகலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீரிழிவும் இதய நோயும் அவரை வாட்டின. 1915 ஜனவரியில் காந்திஜி இந்தியாவுக்குத் திரும்பினார். ஓர் ஆண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை பொது விஷயங்களில் கருத்துச் சொல்ல வேண்டாம் என்று கோகலே அவருக்கு யோசனை சொன்னார். அடுத்த மாதமே, பிப்ரவரி 19-ந்தேதி, பூனாவில் கோகலே காலமானார். வயது 48 தான். கால் நூற்றாண்டாக எதிர்க்கட்சியில் நின்ற திலகர் சுடுகாட்டுக்கு வந்து அவரைப் புகழ்ந்து பேசினார்.

விதை முளைத்தது

தோற்ற மசோதா சாகவில்லை. 1917-ல் கோலாப்பூர் மகாராஜா சாகு தம் சமஸ்தானத்தில் இலவசக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். கோகலே சட்டசபையில் தோற்ற ஆறாவது ஆண்டில், 1918-ல், விட்டல்பாய் பட்டேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் நகராட்சிகளுக்கான கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்தியாவில் அதுதான் முதல் சட்டம். சென்னை மாகாணத்தில் 1920-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பம்பாய் நகரில் 1925-ல் முதலில் எப், ஜி வார்டுகளில் கட்டாயக் கல்வி தொடங்கியது. மாதுங்கா, தாராவி, பரேல் எல்லாம் இந்த வார்டுகளில் அடங்கியவைதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய அரசியல் சட்டம், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும் என்றது. பத்து ஆண்டு ஐம்பது ஆண்டாயிற்று. 2002-ல் செய்த திருத்தத்தால்தான் கல்வி அடிப்படை உரிமை ஆனது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கோகலே மசோதா கொண்டுவந்து 99 ஆண்டு கழித்து!

சண்டை மட்டும் வேறு உருவத்தில் தொடர்கிறது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது. ஏழைக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமா என்பது ஒரு கட்சி. அந்தப் பணத்தை அரசுப் பள்ளிகளுக்கே செலவிட்டு அவற்றை உயர்த்தினால் எல்லாருக்கும் நல்லதாயிற்றே என்பது மறு கட்சி. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மராட்டிய அரசு 2024 பிப்ரவரியில், ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி 25 சதவீதம் கொடுக்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது. ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தீர்ப்பில் தலையிடவில்லை.

செலவு யாருடையது? கட்டாயம் எதுவரை? எந்தப் பள்ளி என்று தீர்மானிப்பது யார்? எந்த மொழியில் படிப்பது? 1912-ல் கேட்ட கேள்விகள்தான் இவை. கட்சிக்கு ஒரு பதில் இருக்கும். இருக்கட்டும். ஆனால் பதில் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. 6 வயதில் பள்ளியில் சேராத பிள்ளைக்கு 16 வயதில் வரும் சட்டத்தால் பயன் இல்லை. கோகலே அவசரப்பட்டதற்கு அதுதான் காரணம்.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பதா, ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதா, 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் போடுவதா என்பது அவரவர் குடும்பத்தின் முடிவு. எந்த முடிவானாலும், சேர்க்கை ஜன்னலில் நிற்கும்போது நாம் யாரிடமும் தயவு கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் எட்டு ரூபாயைத் தம்பிக்கு அனுப்பிய ஓர் அண்ணனும், நகையைக் கழற்றித் தர முன்வந்த ஓர் அண்ணியும் இல்லாதிருந்தால் அந்த உரிமையைக் கேட்க அன்று கோகலே என்ற மனிதர் இருந்திருக்கமாட்டார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஓர் அண்ணன் கிடைப்பதில்லை. அதனால்தான் அவர் சட்டம் கேட்டார்.